மதுரை சுல்தானகம்

மதுரை சுல்தானகம் அல்லது மாபார் சுல்தானகம் என்பது கி.பி. 14ஆம் நூற்றாண்டில் மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஏறத்தாழ 43 ஆண்டுகள் நிலவிய ஓர் அரசு ஆகும். தில்லி சுல்தானகத்தின் தென்கோடி மாகாணமாக இருந்த இப்பகுதி 1335ஐ ஒட்டித் தனியாட்சி பெற்றது. விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பால் 1371ஐ ஒட்டி வலுவிழந்து, 1378ஐ ஒட்டி மறைந்தது. தமிழ்நாட்டில் அமைந்த முதல் இசுலாமிய அரசு இதுவே. கருநாடகத்தில் பாமினி அரசு தோன்றுவதற்குப் (1347) பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இது தோன்றியது. குசராத்து, மாளவம், சவுன்பூர் ஆகிய இடங்களின் புகழ்பெற்ற சுல்தானகங்கள் அதற்கும் அரை நூற்றாண்டு பிற்பட்டவை. துக்ளக் பேரரசு சிதறத் தொடங்கியதற்கு மதுரை ஒரு முன்னறிவிப்பு என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இவ்வரசைப் பற்றிய சான்றுகள் குறைவு. உள்ளவையும் ஒன்றுக்கொன்று பகையான தரப்புகளிலிருந்து வந்தவை. மொராக்கோவைச் சேர்ந்த பயணி ஒருவரின் நூல், விஜயநகர இளவரசி ஒருவரின் வடமொழிக் காவியம், தில்லி அரசவை வரலாற்று நூல்கள், கோயிற் கல்வெட்டுகள், காசுகள் ஆகியவையே அவை. சுல்தான்களின் அவையிலிருந்து அவர்களே எழுதிய வரலாறு எதுவும் கிடைக்கவில்லை. இதனை மனத்திற் கொண்டே பின்வரும் செய்திகளைப் படித்தல் வேண்டும்.

பெயர்

மாபார் என்பது அரபுச் சொல். கடந்து செல்லும் இடம், துறை என்று அதற்குப் பொருள். அரபு வணிகர்கள் கொல்லத்திற்கு அப்பால் கிழக்கே திரும்பி, தமிழகத்தின் கீழைக் கடற்கரையை அடையும் பகுதியை இப்பெயரால் அழைத்தனர். கரைக்கு மட்டும் வழங்கிய பெயர் பின்னர் பாண்டிய நாடு முழுமைக்கும் வழங்கலாயிற்று. மார்க்கோ போலோவின் நூலிலும் இப்பெயரே காணப்படுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் சுல்தான் என்ற சொல் "சுரத்தான்" என வடிவம் பெற்றுள்ளது.

பின்னணி

சுல்தானகத்தின் தோற்றத்தைப் படையெடுப்பிலிருந்து தொடங்கிக் கூறுவது வழக்கம். ஆனால் அதற்கு முன்பே பாண்டிய நாட்டுக் கரையில் முசுலிம் வணிகர்கள் நிலைபெற்றிருந்தனர். பாண்டியரின் படைக்கு வேண்டிய குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து கடல் வழியே வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகவும், ஒவ்வொன்றின் விலை 220 பொன் தினார் எனவும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். தமிழ்நாட்டின் தட்பவெப்பமும் தீவனமும் அக்குதிரைகளுக்கு ஒவ்வாமையால் அவை விரைவில் இறந்தன. எனவே ஆண்டுதோறும் புதியன வாங்க வேண்டியிருந்தது. சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டுவதை மார்க்கோ போலோ வியப்புடன் குறிப்பிடுகிறார். இவ்வணிகத்தில் முதன்மை பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்பவர் பாண்டியரிடம் அமைச்சராகவும் இருந்தார்.

1310இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கொல்லப்பட்டதையடுத்து, அவன் மக்களான சுந்தர பாண்டியனுக்கும் வீர பாண்டியனுக்கும் இடையே அரியணைப் போர் மூண்டது. 1311இல் அலாவுத்தீன் கில்சியின் படைத்தலைவர் மாலிக் கபூர், போசளர் தலைநகரான துவாரசமுத்திரத்தைப் பணிய வைத்தபின் பாண்டிய நாட்டிற்குள் புகுந்தார். பாண்டியர் நேருக்கு நேர் நின்று போரிடாது இடம் மாறிக்கொண்டே இருந்தமையால் அவரால் அவர்களைப் பிடிக்க இயலவில்லை. ஆனால் பெருஞ்செல்வத்துடன் திரும்பினார். கொள்ளையின் அளவு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. உடனிருந்தோர் வாயிலாக அறிந்து எழுதிய அமீர் குசுரோ 512 யானைகளும் 5,000 குதிரைகளும் என்கிறார். அரை நூற்றாண்டு கழித்து எழுதிய பரணி அவற்றை 612 யானைகள், 20,000 குதிரைகள் என்று பெருக்குகிறார். முற்பட்ட சான்றின் சிறிய எண்ணே ஏற்கத்தக்கது.

அமீர் குசுரோவின் நூலில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாண்டியர் படையில் முசுலிம் வீரர்கள் பணியாற்றினர் என்பதும், அவர்கள் மாலிக் கபூரிடம் சரணடைந்து மன்னிக்கப்பட்டனர் என்பதுமே அது. பிற்காலத்தில் இருமதங்களின் போராகச் சித்திரிக்கப்பட்ட நிகழ்வுகளில் படைகளின் சேர்க்கை அவ்வாறு இருக்கவில்லை.

மாலிக் கபூர் திரும்பிச் சென்றதும் வேணாட்டு மன்னன் இரவிவர்மன் குலசேகரன் காஞ்சிபுரம் வரை படை நடத்தினான். காகதீயர் படையும் காஞ்சிக்கு வந்தது. 1318ஐ ஒட்டி குசுரோ கான் என்னும் தில்லிப் படைத்தலைவர் மீண்டும் வந்து கொள்ளையிட்டார். மதுரையை நிலையாகத் தில்லியுடன் இணைத்தவர் உலுக் கான் ஆவார். இவர் 1323இல் வாரங்கலைக் கைப்பற்றிய கையோடு தென்னாட்டையும் தில்லியுடன் சேர்த்தார். 1325இல் இவரே முகமது பின் துக்ளக் என்ற பெயரில் தில்லி சுல்தானானார். திருவரங்கத்தின் கோயிலொழுகு கூறும் பேரழிவும், உற்சவ மூர்த்தியுடன் பிள்ளை உலகாசிரியர் தெற்கே சென்றதும் இப்படையெடுப்பின்போது நிகழ்ந்தவை என்பது பெரும்பான்மைக் கருத்து.

தனியாட்சி

தில்லியிலிருந்து மதுரை வெகு தொலைவு. 1327இல் முகமது பின் துக்ளக் தலைநகரைத் தேவகிரிக்கு (தௌலதாபாத்) மாற்றியதற்குத் தெற்கை அருகிலிருந்து ஆளும் எண்ணமும் ஒரு காரணம். அம்முயற்சி தோற்றது. மாபாரின் ஆளுநராக இருந்த சையது ஜலாலுத்தீன் அஹ்சன் கான், இக்கால அரியானாவிலுள்ள கைத்தலைச் சேர்ந்தவர். இவர் தம்மைச் சுல்தானாக அறிவித்துத் தம் பெயரில் காசு வெளியிட்டார். இக்காசுகளில் இசுலாமிய ஆண்டு 735 (கி.பி. 1334–35) காணப்படுகிறது. அவற்றில் தம்மை நபியின் வழித்தோன்றல் என்றும், ஏழை எளியோரின் தந்தை என்றும் அவர் குறித்துக்கொண்டார். அரச மரபில் பிறவாத ஆளுநர் ஒருவர் ஆட்சியுரிமை கோருவதற்கு நபி வழி என்பதே அவரிடம் இருந்த தகுதி.

கலகத்தை அடக்க முகமது பின் துக்ளக் நேரில் புறப்பட்டார். தெலுங்கு நாட்டை அடைந்தபோது படையில் கொள்ளை நோய் பரவியது. வீரர் பலர் மாண்டனர். சுல்தானும் நோயுற்றுத் திரும்பினார். அதன்பின் மதுரையை மீட்கத் தில்லி முயலவில்லை. அஹ்சன் கானின் மகன் இபுராகீம் தில்லி அரசவைப் பணியில் இருந்தமையால் தண்டனைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். தந்தையின் விடுதலைக்கு மகன் கொடுத்த விலை அது. அஹ்சன் கானின் மகள் ஒருத்தியைத் தில்லியில் மணந்திருந்தவர்தாம் பயணி இப்னு பதூதா.

அஹ்சன் கான் ஐந்தாண்டுகள் ஆண்டபின் 1339ஐ ஒட்டித் தம் அதிகாரி ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் உதௌஜி ஓராண்டே ஆண்டார். போர் ஒன்றில் வென்றபின், நீர் அருந்துவதற்காகத் தலைக்கவசத்தை நீக்கியபோது எங்கிருந்தோ வந்த அம்பு அவரைக் கொன்றது. அவர் மருமகன் குத்புத்தீன் பிரோசு 40 நாட்களில் கொல்லப்பட்டார். பின்னர் கியாசுத்தீன் முகமது தம்கானி அரியணை ஏறினார். இவர் தில்லியில் சாதாரணக் குதிரை வீரராகப் பணியைத் தொடங்கியவர். அஹ்சன் கானின் மற்றொரு மகளை மணந்து அதன் வழியாக உரிமை தேடிக்கொண்டார்.

கண்ணனூர்ப் போர்

மதுரை சுல்தானகத்தின் பெரும்பகை போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன். துவாரசமுத்திரம் தில்லிப் படையால் சிதைந்தபின் திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட இம்மன்னன், எண்பது வயதைக் கடந்த நிலையிலும் தானே படை நடத்தினான். 1342ஐ ஒட்டிக் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். இது திருவரங்கத்திற்கு வடக்கே, இன்றைய சமயபுரம் பகுதி. ஒரு காலத்தில் போசளரின் தென் தலைநகராகவே இருந்த ஊர் அது.

இப்போரை இப்னு பதூதா விரிவாக எழுதியுள்ளார். போசளரிடம் ஒரு இலட்சம் வீரர்களும், அவர்களைத் தவிர 20,000 முசுலிம் வீரர்களும் இருந்ததாகவும், சுல்தானிடம் ஆறாயிரம் பேரே இருந்ததாகவும் அவர் கூறுகிறார். வென்றவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய எண்கள் இவை. அப்படியே கொள்ள வேண்டியதில்லை. முற்றுகை பல மாதங்கள் நீடித்து, கோட்டையில் பதினான்கு நாட்களுக்கே உணவு எஞ்சியிருந்தது. கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறுமாறு வல்லாளன் கூற, தம் சுல்தானைக் கேட்டு முடிவு சொல்லப் பதினான்கு நாள் தவணை வேண்டும் என்றனர் உள்ளிருந்தோர். மன்னன் இசைந்தான். அக்கடிதம் வெள்ளிக்கிழமையன்று மதுரைப் பள்ளிவாசலில் படிக்கப்பட்டபோது கூடியிருந்தோர் அழுதனர். தலைப்பாகைகளைக் கழற்றிக் குதிரைகளின் கழுத்தில் கட்டிக்கொண்டு, சாவதற்குத் துணிந்தவர்களாகப் புறப்பட்டனர்.

தவணைக் காலம் என்பதால் போசளர் பாசறை கவலையின்றி இருந்தது. உச்சி வெயிலில் வீரர்கள் உறங்க, குதிரைகள் மேய்ச்சலுக்குச் சென்றிருந்த வேளையில் தாக்குதல் நடந்தது. வந்தவர்களைத் திருடர்கள் என்று கருதி ஒழுங்கின்றி எதிர்த்தனர். கோட்டைக்குள் இருந்தோரும் வெளிவந்து தாக்கினர். குதிரையேற முயன்ற முதிய மன்னனைத் தம்கானியின் உடன்பிறந்தார் மகன் நாசிருத்தீன் யாரென்று அறியாமல் வெட்டப் போனார். இவர்தாம் அரசர் என்று ஓர் அடிமை சொன்னமையால் சிறைப்பிடித்தார். தம்கானி முதலில் மரியாதை காட்டி, விடுவிப்பதாகச் சொல்லி, மன்னனிடமிருந்த பொன்னையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டார். பின்னர் கொன்று தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதனைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார்.

சுல்தானகத்தின் மிகப் பெரிய வெற்றி இது. விளைவு வேறாக அமைந்தது. போசள அரசு சில ஆண்டுகளில் மறைய, அதன் நிலமும் படையும் புதிதாக எழுந்த விஜயநகரத்திடம் சென்று சேர்ந்தன. தளர்ந்த பகைவன் ஒருவனை அழித்து, அவனினும் பன்மடங்கு வலிய பகைவனுக்கு மதுரை வழிவிட்டது.

இப்னு பதூதா கண்ட மதுரை

1344இன் இறுதியில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து வரும் வழியில் அவரது கப்பல் பாண்டிய நாட்டுக் கரையருகே உடைந்தது. இரவு முழுதும் கப்பலின் பின்பகுதியில் ஒண்டியிருந்தவரைக் காலையில் உள்ளூர் மக்கள் படகில் வந்து கரை சேர்த்தனர். அவர்கள் தமக்கு மீனும், மரத்தில் விளைந்த முலாம்பழம் போன்றதொரு பழமும் தந்ததாக அவர் எழுதுகிறார். பழத்தின் உள்ளே பஞ்சு போன்ற நாரும் தேன் போன்ற சாறும் இருந்தனவாம். அதிலிருந்து தால் என்னும் இனிப்பும் செய்வார்களாம். பனம்பழத்தைச் சுவைத்த எவர்க்கும் இது என்ன பழம் என்பதில் ஐயம் எழாது. தால் என்பது பனையின் வடமொழிப் பெயர். இந்த ஒரு குறிப்பே அவர் இக்கரைக்கு உண்மையாகவே வந்தார் என்பதற்கு நல்ல சான்று.

தம் மனைவியின் உடன்பிறந்தாளை மணந்தவர் என்ற உறவில் தம்கானி அவரை வரவேற்றார். இருவரும் சேர்ந்து மாலத்தீவின் மீது படையெடுக்கவும் திட்டமிட்டனர். ஆயினும் உறவினரின் கொடுமைகளை இப்னு பதூதா மறைக்கவில்லை. காட்டு வழியில் பிடிபட்ட மக்களைப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பாசறையின் மரவேலி வாயில்களில் கழுவேற்றிக் கொன்றதை விவரித்து, வேறெந்த அரசரிடமும் தாம் காணாத இழிசெயல் இது என்றும், இதனால்தான் இறைவன் தம்கானியின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கூறுகிறார். தம்கானியைக் கடுமையாகக் கண்டித்து எஞ்சியிருக்கும் சொற்கள், ஒரே சமயத்தைச் சேர்ந்த, ஒரே குடும்பத்தில் பெண் எடுத்த ஒருவருடையவை என்பது கருதத்தக்கது.

அவர் மதுரைக்கு வந்தபோது நகரில் கொள்ளை நோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் இறந்தனர். நான்காம் நாளைக் கண்டவர் அரியர். உடல்நலம் உள்ளவள் என்று கூறி விற்கப்பட்ட அடிமைப் பெண் ஒருத்தி மறுநாளே இறந்தாள். தம்கானியின் ஒரே மகனும் மனைவியும் தாயும் அடுத்தடுத்து மாண்டனர். பின்னர் தம்கானியும் இறந்தார். யோகி ஒருவன் செய்து தந்த இரும்புத்தூள் கலந்த மாத்திரைகளை அளவின்றி உண்டதே அவர் நோய்க்குத் தொடக்கம் என்கிறது அந்நூல். நாசிருத்தீன் மகமூது தம்கானி அடுத்த சுல்தானானார். தன் அத்தை மகனைக் கொன்று அவன் மனைவியை மணந்தது அவருடைய முதற்செயல்களுள் ஒன்று. இப்னு பதூதா காய்ச்சலுடன் விடைபெற்றுக் கடற்கரைப் பட்டினத்திலிருந்து கொல்லம் சென்றார்.

அவர் "பத்தன்" என்று குறிப்பிடும் அப்பட்டினம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காயல்பட்டினம், தேவிப்பட்டினம், பெரியபட்டினம் என்று பலவாறு கூறுவர். இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் நொபொரு கராசிமா முதலானோரின் ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவ்வூருக்கு ஆதரவான வலுவான சான்று இது.

காசுகள் மட்டும் பேசும் காலம்

நாசிருத்தீனுக்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் இருள் நிலவுகிறது. இசுலாமிய ஆண்டு 745க்கும் 757க்கும் இடைப்பட்ட காசுகள் கிடைக்கவில்லை. இவ்விடைவெளியை உள்நாட்டுக் குழப்பம் என்று சிலரும், விஜயநகரத்தின் முதல் தாக்குதல் என்று சிலரும் விளக்குவர். பின்னர் சம்சுத்தீன் ஆதில் சா (1356), பக்ருத்தீன் முபாரக் சா (1359–1368), அலாவுத்தீன் சிக்கந்தர் சா (1372–1378) ஆகிய மூவர் பெயரில் காசுகள் உள்ளன. மூவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு, எவ்வாறு ஆட்சிக்கு வந்தனர் என்பவற்றைக் கூறும் நூல் இல்லை. கல்வெட்டறிஞர் உல்ட்சு 1909இல் இக்காசுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையே இன்றுவரை சுல்தான்களின் வரிசைக்கு அடிப்படை.

குமார கம்பணர்

விஜயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர், முதலில் தொண்டை மண்டலத்துச் சம்புவராயரை வென்று, பின்னர் தெற்கே வந்தார். இவர் மனைவி கங்காதேவி இயற்றிய மதுரா விஜயம் என்னும் வடமொழிக் காவியம், சுல்தானை இவர் தனிப்போரில் வென்று கொன்றதாகப் பாடுகிறது. பாண்டியர் வாள் ஒன்றைத் தேவி இவரிடம் தந்து மதுரையை மீட்கச் சொன்னதாகவும் அதில் வருகிறது. பாழடைந்த கோயில்களும் வெட்டப்பட்ட தோப்புகளும் அக்காவியத்தில் இரங்கத்தக்க முறையில் பாடப்பட்டுள்ளன. கணவனின் வெற்றியைப் பாடும் காவியம் என்பதையும் மறத்தலாகாது.

திருவரங்கத்தில் கோபணாரியர் உற்சவ மூர்த்தியை மீண்டும் எழுந்தருளச் செய்தது சக ஆண்டு 1293 (கி.பி. 1371–72) எனக் கல்வெட்டு கூறுகிறது. கம்பணர் 1374இல் இறந்தார். ஆனால் சிக்கந்தர் சாவின் காசுகள் 1378 வரை தொடர்கின்றன. ஆகவே ஒரே போரில் சுல்தானகம் அழிந்தது என்னும் கருத்து பொருந்தாது. மதுரையை இழந்தபின்னும் சில ஆண்டுகள் ஏதோவொரு பகுதியில் சுல்தான் ஆட்சி எஞ்சியிருந்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் மாபாரிலிருந்து தூதர்கள் தில்லி சென்று பிரோசு சா துக்ளக்கிடம் உதவி கேட்டனர் என அபீப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். முன்பு தமக்குப் பணிய மறுத்ததை நினைவூட்டிய சுல்தான், தம் படை களைத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி

தலைநகரின் கதையே இதுவரை கூறப்பட்டது. மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் அருப்புக்கோட்டையும், அதற்கு ஏறத்தாழ 15 கி.மீ. கிழக்கே திருச்சுழியும் உள்ளன. இன்று இவை விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருச்சுழி, சுந்தரர் தேவாரம் பெற்ற திருச்சுழியல் ஆகும். குண்டாற்றின் கரையில் உள்ளது. அருகிலுள்ள பள்ளிமடத்தில் சுந்தர பாண்டியனின் பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. பாண்டியர் கல்வெட்டுகள் நிறைந்த இப்பகுதி, சுல்தான்களின் கோட்டைக்கும் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் நடுவில் அமைந்திருந்தது. குண்டாறு திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வெடித்த கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலம். ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. ஆற்றில் வெள்ளம் சில நாட்களே ஓடும். அந்நீரைக் கண்மாய்களில் தேக்கிவைத்துத்தான் வேளாண்மை.

இந்நிலத்தை ஆள்வது காவிரிக் கரையை ஆள்வது போன்றதன்று. கண்மாயின் கரையை உயர்த்துவது, மடையைச் செப்பனிடுவது, நீரைப் பங்கிடுவது யாவும் ஊரவரும் நாட்டவரும் கோயில்களும் சேர்ந்து செய்த பணிகள். தேவதானமாக விடப்பட்ட நிலத்தின் வருவாயிலிருந்தே இவற்றின் செலவு பெரும்பாலும் நடந்தது. சிவகங்கை மாவட்டத்துத் திருக்களக்குடிக் கல்வெட்டு ஒன்று, துலுக்கர் காலத்தில் தேவதான நிலங்களுக்கும் குடிமை வரி விதிக்கப்பட்டதைக் கூறுகிறது. கம்பணர் வந்து, கோயில்களில் பூசை நடப்பதைக் கண்காணிக்க நாயக்கன்மாரை அமர்த்தினார் என்பதும் அதில் உள்ளது. அதே வட்டாரத்துத் திருப்பத்தூர்க் கோயிலில் முசுலிம் படை தங்கியிருந்ததையும், சூரைக்குடித் தலைவன் விசையாலய தேவன் அதனை மீட்டுத் திருப்பணி செய்ததையும் மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. இவற்றைச் சமயப் பகையின் சான்றுகளாக மட்டும் படிப்பதைவிட, வறள்நிலத்தின் பொருளாதாரச் சான்றுகளாகவும் படித்தல் நலம். பூசை நின்ற ஊரில் கண்மாயைப் பேணும் அமைப்பும் தளர்ந்திருக்கும்; கண்மாய் தூர்ந்தால் வரி செலுத்த விளைச்சல் இராது.

பாண்டியரும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சுல்தான்கள் மதுரையில் இருந்த ஆண்டுகளிலேயே தெற்கிலும் கிழக்கிலும் பாண்டிய மன்னர்களின் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. புதுக்கோட்டைப் பகுதியில் சில ஊர்கள் சுரத்தானின் பெயரைக் கல்லில் பொறிக்க, வேறு சில ஊர்கள் பாண்டியன் பெயரைப் பொறித்தன. அதிகார எல்லை ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்த நிலைமையை இது காட்டுகிறது. பிற்காலத்தில் தென்காசியை இருப்பிடமாகக் கொண்ட பாண்டியர் 17ஆம் நூற்றாண்டு வரை நீடித்தனர்.

கம்பணரின் வருகை இவ்வட்டாரத்தில் நிலையான மாற்றம் ஒன்றைத் தொடங்கி வைத்தது. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் விஜயநகர, நாயக்கர் காலங்களில் அலையலையாகத் தெற்கே வந்து கரிசல் நிலத்தில் குடியேறினர். அருப்புக்கோட்டை நெசவாளருள் தேவாங்கர் குறிப்பிடத்தக்கவர். இக்குடிகளின் மரபுக் கதைகள் பலவற்றில், தம் பெண்ணைக் கேட்ட துலுக்க ராசாவுக்கு அஞ்சி இரவோடிரவாக ஓடிவந்ததும், வழியில் பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்க மரம் வளைந்து கொடுத்ததும் வருகின்றன. கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) புதினம் இம்மரபைக் கொண்டு எழுந்தது. இக்கதைகள் வடக்கே நிகழ்ந்தனவாகச் சொல்லப்படுபவை. மதுரை சுல்தான்களைக் குறிப்பன அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் கூறும் வழக்கம் பிற்காலத்தது.

வீழ்ச்சியின் காரணங்கள்

பெயர் தெரிந்த எட்டு சுல்தான்களுள் முதல் மூவரும் இயற்கையாக இறக்கவில்லை. தந்தைக்குப் பின் மகன் ஆண்டதாக ஒரு சான்றும் இல்லை. அரியணை மருமகனுக்கும் உடன்பிறந்தார் மகனுக்கும் மணவுறவு கொண்ட படைத்தலைவனுக்கும் சென்றது. ஆட்சியின் வலிமை முழுதும் வடக்கிலிருந்து வந்த சில ஆயிரம் குதிரை வீரர்களைச் சார்ந்திருந்தது. தில்லியிடமிருந்து பிரிந்த நாளிலிருந்து புதிய வீரர்கள் தரைவழியே வருவது அரிதாயிற்று. குதிரைகளோ கடல் வழியே பெரும் விலைக்கு வாங்க வேண்டியவை. அவ்விலைக்கு வேண்டிய பொன்னை வறண்ட நாட்டின் நிலவரியால் திரட்ட இயலாமல் கொள்ளையை நாடினர். கொள்ளையால் நிலவரி மேலும் குறைந்தது. 1344இன் கொள்ளை நோய் எஞ்சிய வலிமையையும் கெடுத்தது.

இதே காலத்தில் பாமினி அரசு நிலைத்ததை ஒப்பிடலாம். அங்கே குடியேறிய படைவீரர் எண்ணிக்கை பெரிது. தௌலதாபாத் குடியேற்றத்தால் வணிகரும் கைவினைஞரும் சூபிகளும் உடன் வந்திருந்தனர். வேலூன்ற அவர்களுக்கு மண் இருந்தது. மதுரையில் வேரூன்றியிருந்த முசுலிம்கள் கடற்கரையின் மரைக்காயர் முதலான வணிகக் குடிகளே. அவர்கள் சுல்தானகத்திற்கு முன்பும் இருந்தனர், பின்பும் இருந்தனர். படைவீரர்களின் அரசு அவர்களைச் சார்ந்து எழுந்ததாகவோ அவர்கள் அதற்காகப் போரிட்டதாகவோ சான்று இல்லை.

அரசமரபுகள் ஏறத்தாழ மூன்று தலைமுறைகளில் தளர்ந்து விழும் என்ற கோட்பாட்டை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எழுதி முடித்த ஆண்டு 1377. மதுரையில் கடைசிக் காசுகள் அடிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மதுரை சுல்தானகம் இரண்டு தலைமுறைகூடத் தாங்கவில்லை. அதே நூலில் இப்னு கல்தூன், இப்னு பதூதாவின் இந்தியக் கதைகளைப் பெசு நகர அரசவையினர் பொய் என்று ஒதுக்கியதையும், கேளாததாலேயே ஒன்றை மறுக்கலாகாது என அமைச்சர் ஒருவர் தம்மைத் திருத்தியதையும் பதிவு செய்துள்ளார்.

எச்சங்கள்

மதுரை மீனாட்சியம்மன் கோயில் 48 ஆண்டுகள் பூட்டியிருந்து கம்பணர் காலத்தில் திறக்கப்பட்டதாகக் கோயில் வரலாறு கூறும். வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் தர்காவில் அடங்கியிருக்கும் அலாவுத்தீன், சம்சுத்தீன் ஆகியோரைச் சுல்தான்களுடன் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. திருப்பரங்குன்றம் மலை மீதுள்ள தர்கா கடைசிச் சுல்தான் சிக்கந்தரின் அடக்கத்தலம் என்பது மரபு. இவற்றைச் சுல்தான்களுடன் இணைப்பது பெயர் ஒற்றுமையும் மரபுச் செய்தியுமே. சுல்தான்களின் அரண்மனையோ கோட்டையோ இன்று இல்லை. மதுரையின் பழைய மதில்கள் நாயக்கர் காலத்தில் விரித்துக் கட்டப்பட்டு, 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டன.